பிடித்ததை எங்கே வைப்பது?



நான் படித்த காலத்தில் வாயுக்களைத் தூய்மைப்படுத்துவது ஒரு பாடம், கழிவிலிருந்து பொருளை மீட்பது வேறொரு பாடம். நடத்திய ஆசிரியர்கள் வேறு, தேர்வு நாளும் வேறு. வேலைக்குப் போன பிறகுதான் இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும் என்று புரிந்தது. புகைபோக்கி வழியே போகவிருக்கும் நச்சை வழியிலேயே பிடித்து நிறுத்துகிறோம். சரி, பிடித்ததை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கருவியும் நெடுநாள் ஓடுவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கொஞ்சம் வரலாற்றோடு சொன்னால்தான் விளங்கும் என்பதால் உங்கள் நேரத்தைக் கேட்கிறேன்.

சோடாவிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை அதில் முக்கி வெள்ளாவி வைத்தார்கள். அந்த மண்ணில் அழுக்கை எடுப்பது சோடியம் கார்பனேட். சலவைச் சோடா, சோடா ஆஷ் என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். ஐரோப்பாவில் கடலோரச் செடிகளையும் கடற்பாசியையும் எரித்து அந்தச் சாம்பலிலிருந்து இதை எடுத்தார்கள். கண்ணாடிக்கு இது வேண்டும், சோப்புக்கு வேண்டும், துணிக்கு வேண்டும். ஆலைகள் பெருகியபோது சாம்பல் போதவில்லை. சாப்பாட்டு உப்பிலிருந்து சோடா செய்ய வழி சொல்பவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. ஆர்லியன்ஸ் கோமகனிடம் மருத்துவராக இருந்த நிக்கோலா லெப்லான் அந்த வழியைக் கண்டுபிடித்து 1791-இல் காப்புரிமை பெற்றார். புரட்சியில் கோமகனின் தலை போயிற்று. ஆலை பறிமுதலாயிற்று. பரிசுப் பணம் கடைசிவரை லெப்லான் கைக்கு வரவில்லை. 1806-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் கண்ட வழி இது. உப்பில் கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடாக்கினால் சோடியம் சல்பேட் கிடைக்கும், ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். அந்தச் சல்பேட்டைச் சுண்ணாம்புக்கல்லோடும் நிலக்கரியோடும் உலையில் போட்டால் கறுப்புச் சாம்பல் ஒன்று வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் சோடா. வடித்த பின் மிஞ்சுவது கால்சியம் சல்பைடு. எடை போட்டுப் பார்ப்போம். சமன்பாட்டின்படி 106 கிலோ சோடாவுக்கு 73 கிலோ ஹைட்ரஜன் குளோரைடும் 72 கிலோ கால்சியம் சல்பைடும் வரும். விற்கும் சரக்கைவிட விற்காத சரக்கு அதிகம். ஒன்று ஆகாயத்துக்குப் போகும், மற்றது ஆலைக்குப் பின்னால் குவியும்.

இங்கிலாந்தில் உப்பு வரி நீக்கப்பட்ட சமயத்தில், 1823-இல், ஜேம்ஸ் மஸ்பிராட் லிவர்பூலில் இந்த முறையில் சோடா செய்யத் தொடங்கினார். வாயுவை உயரத்தில் விட்டால் ஊருக்குத் தொல்லை இருக்காது என்று மிக உயரமான புகைபோக்கி கட்டினார்கள். உயரத்தில் விட்டதால் வாயு இன்னும் தொலைவுக்குப் போயிற்று. ஈரக் காற்றில் கலந்து அமிலப் பனியாக இறங்கியது. வேலிச் செடி கருகியது, மரம் பட்டுப்போனது, இரும்புச் சாமான் துருப்பிடித்தது. வழக்குமேல் வழக்கு வந்து மஸ்பிராட் ஊர் மாற வேண்டியதாயிற்று. புகைபோக்கியை உயர்த்தினால் தீர்ந்தது என்று இன்றும் நினைப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

1836-இல் வில்லியம் காஸேஜ் என்பவர் ஒரு காரியம் செய்தார். அவர் வூஸ்டர்ஷயரில் ஒரு சோடா ஆலை வைத்திருந்தார். அருகில் ஓடாமல் கிடந்த பழைய காற்றாலைக் கோபுரம் ஒன்று இருந்தது. அதற்குள் முள்செடியையும் சுள்ளியையும் அடியிலிருந்து முடிவரை திணித்தார். உச்சியிலிருந்து தண்ணீரைத் தூறலாக விட்டார். ஆலையிலிருந்து வந்த வாயுவை அடியிலிருந்து மேலே ஏறவிட்டார். தண்ணீர் ஒவ்வொரு சுள்ளியிலும் மெல்லிய படலமாகப் படர்ந்து இறங்குகிறது, வாயு அந்தப் படலங்களின் இடுக்கில் நெளிந்து ஏறுகிறது. ஹைட்ரஜன் குளோரைடுக்குத் தண்ணீர்மேல் அவ்வளவு ஆசை. ஒரு லிட்டர் தண்ணீர் 400 லிட்டருக்கு மேல் அந்த வாயுவை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே வெளியேறிய காற்றில் நெடி இல்லை. கீழே வழிந்தது அமிலம்.

மாணவர்களே, நீங்கள் ஆய்வகத்தில் பார்க்கும் பேக்டு டவர் இதுதான். சுள்ளி இருந்த இடத்தில் பின்னாளில் பீங்கான் வளையம் வந்தது, அதற்குப் பிறகு எஃகுத் தகடும் பிளாஸ்டிக்கும் வந்தன. தத்துவம் மாறவில்லை. மேலிருந்து திரவம், கீழிருந்து வாயு, நடுவில் இரண்டும் சந்திக்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு பரப்பு. இந்தத் துறையில் நான் ஒரே ஒரு கண்டுபிடிப்பைக் கும்பிட வேண்டுமென்றால் அந்தச் சுள்ளி அடைத்த கோபுரத்தைத்தான் கும்பிடுவேன்.

ஆனால் காஸேஜின் கோபுரம் வந்தபின்னும் நாடு சுத்தமாகிவிடவில்லை. 27 ஆண்டுகள் பெரும்பாலான ஆலைகள் அதை அரைகுறையாகவே வைத்துக்கொண்டன. காரணம் எளிது. கோபுரத்தின் அடியில் வழிந்த அமிலத்தை வாங்க ஆளில்லை. அதை வாய்க்காலில் விட்டார்கள். காற்றில் போயிருக்க வேண்டியது ஆற்றில் போயிற்று. மீன் செத்தது, பாலத்தின் கல்லையும் சுண்ணாம்பையும் அமிலம் தின்றது. ஆலைக்காரருக்குத் தண்ணீர்ச் செலவு, கோபுரச் செலவு, பக்கத்து ஊரோடு புதிய வழக்கு. வருமானம் எதுவுமில்லை.

1863-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆல்கலி சட்டத்தை நிறைவேற்றியது. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடில் 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்றது. அதைக் கண்காணிக்க முதல் ஆய்வாளராக வந்தவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலர். அமில மழை என்று இன்று நாம் சொல்கிறோமே, அந்தத் தொடரைத் தந்தவர் இவர். ஆலைக்குள் போய்ப் புகையில் குழாய் விட்டு மாதிரி எடுத்து, அளந்து, முதலாளியிடம் காட்டி, எங்கே ஓட்டை என்று சொல்லிக் கொடுத்தார். தண்டனையைவிட அளவீடும் அறிவுரையும் அங்கே அதிகம் வேலை செய்தன. பத்தாண்டில் சட்டத்தில் ஒரு குறை தெரிந்தது. உற்பத்தி இரட்டிப்பானால் விட்டுவைத்த 5 விழுக்காடும் இரட்டிப்பாகுமே! அதனால் 1874-இல் விழுக்காட்டோடு இன்னொன்றும் சேர்த்தார்கள்: வெளியேறும் புகையில் ஒரு கன அடிக்கு 0.2 கிரெய்னுக்கு மேல் அமிலம் இருக்கக் கூடாது. இன்று நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகின்றனவே, அதன் மூதாதை இந்த வரி.

சட்டத்தால் அமிலம் மலைபோல் சேர்ந்தது. கடைசியில் அதற்கு வேலை கொடுத்தவர்கள் இருவர். வால்டர் வெல்டன் என்பவர் பத்திரிகையாளர், வேதியியலை முறையாகப் படித்தவர் அல்லர். அமிலத்தை மாங்கனீசு டை ஆக்சைடோடு சேர்த்தால் குளோரின் வரும் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் மாங்கனீசு விலை கூடியது, ஒருமுறை பயன்படுத்தினால் போய்விடும். வெல்டன் அந்தத் தீர்ந்த கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்துக் காற்றை ஊதி மாங்கனீசைப் பழைய நிலைக்குத் திருப்பினார். 1860-களின் பிற்பாதியில் இது ஆலைகளில் ஓடத் தொடங்கியது. அதே காலத்தில் விட்னெஸ் நகரில் ஹென்றி டீக்கன், மாங்கனீசே வேண்டாம் என்றார். ஹைட்ரஜன் குளோரைடையும் காற்றையும் சேர்த்து, செப்புக் குளோரைடு ஊறிய செங்கல் துண்டுகள்மேல் 400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் செலுத்தினால் குளோரினும் நீராவியும் வரும். குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றினால் பிளீச்சிங் பவுடர். துணி ஆலைகளும் காகித ஆலைகளும் வாசலில் வந்து நின்றன. நேற்றுவரை வாய்க்காலில் போன அமிலத்தை ஒரு சொட்டுக்கூட விடாமல் பிடிக்க ஆலைக்காரர்களே முனைந்தார்கள். சட்டம் 95 கேட்டது, சந்தை 100 கேட்டது.

டீக்கனின் முறை மின்பகுப்பு வந்ததும் வழக்கொழிந்தது. ஆனால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. மெத்தை, குளிர்பெட்டிக் காப்பு முதலியவற்றுக்கான பாலியூரித்தேன் மூலப்பொருள் செய்யும்போது ஹைட்ரஜன் குளோரைடு ஏராளமாக வெளிவருகிறது. செம்புக்குப் பதில் ருத்தேனியம் ஆக்சைடை வைத்து அதைக் குளோரினாக்கி அதே ஆலைக்குள் திருப்பி அனுப்புகிறார்கள். ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனம் இதைத் தொழில் அளவுக்குக் கொண்டுவந்தது. நல்ல கண்டுபிடிப்பு சாவதில்லை, காலம் வரும்வரை உறங்குகிறது.

அந்தக் கால்சியம் சல்பைடுக் குவியல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மழை பெய்தால் அழுகிய முட்டை வாடை. அதில் விலைபோகும் கந்தகம் அத்தனையும் வீணாகக் கிடந்தது. 1880-களின் இறுதியில் அலெக்சாண்டர் சான்ஸ் என்பவர் அந்தக் குழம்பில் கரியமில வாயுவைச் செலுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளியே எடுத்தார். வாயுவைக் கந்தகமாக்க லண்டனில் இருந்த ஜெர்மானியர் கார்ல் பிரீட்ரிக் கிளாஸ் 1883-இல் காப்புரிமை பெற்ற உலை இருந்தது. லெப்லான் ஆலைகள் பிறகு அழிந்தன. கிளாஸ் முறை அழியவில்லை. கச்சா எண்ணெயிலும் எரிவாயுவிலும் உள்ள கந்தகத்தை எடுக்க உலகம் முழுக்க இன்று இதுதான் ஓடுகிறது, நம் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும். மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடை எரித்துக் கந்தக டை ஆக்சைடாக்குவது, அதை மீதி இரண்டு பங்கோடு சேர்ப்பது, கந்தகமும் தண்ணீரும் பெறுவது. உலகச் சந்தையில் இன்று கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து வருவதல்ல, இப்படிப் பிடித்ததுதான். வயலுக்குப் போடும் பாஸ்பேட் உரத்துக்கான கந்தக அமிலத்தின் பின்னால் இந்த உலைகள் இருக்கின்றன.

இங்கே சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஓர் ஆலையின் கந்தக மீட்புப் பிரிவில் பயிற்சிப் பொறியாளனாக இருந்தேன். ஒருநாள் இரவு ஷிப்டில், மாதிரி எடுக்கும் வால்வு அருகே நடந்துபோனபோது அழுகிய முட்டை வாடை மூக்கில் அடித்தது. சில நொடியில் வாடை நின்றுவிட்டது. காற்று மாறியிருக்கும் என்று நினைத்து அங்கேயே நின்றேன். பின்னாலிருந்து மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஓடினார். மூச்சு வாங்கி நின்ற பிறகு சொன்னார்: "வாடை போயிருச்சுன்னு நிம்மதியா நிக்கிறீங்களே தம்பி. இந்தக் கேஸுல வாடை வந்தா மூக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம். வாடை போச்சுன்னாத்தான் பயப்படணும்." அவர் சொன்னது முழு அறிவியல். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே அந்த வாடை தெரியும். நூறு பங்கைத் தொட்டால் மோப்ப நரம்பு மரத்துப்போகும். அதற்கு மேல் போனால் மனிதர் சுருண்டு விழுவார். நான் புத்தகத்தில் அந்த அட்டவணையைப் படித்திருந்தேன். மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஒரு கசிந்த வால்வும் ஒரு மனிதரின் கையும்தான் அதைப் பாடமாக்கின. அவர் இப்போது இல்லை. இந்த மேடையில் அவரை நினைக்காமல் என்னால் பேச முடியாது.

கிளாஸ் உலைக்கு ஹைட்ரஜன் சல்பைடைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது அமீன் கரைசல். 1930-இல் அமெரிக்காவில் ஆர். ஆர். பாட்டம்ஸ் பெற்ற காப்புரிமை அது. காஸேஜின் தண்ணீர் ஒருமுறை இழுத்தால் அமிலமாகவே இருந்துவிடும். அமீன் அப்படியில்லை. 40 டிகிரியில் அமில வாயுவைப் பற்றும், 120 டிகிரியில் விட்டுவிடும். ஒரு கோபுரத்தில் பற்றவைத்து, இன்னொரு கோபுரத்தில் ஆவியால் சூடாக்கி விடவைத்து, குளிரவைத்து மறுபடி முதல் கோபுரத்துக்கு அனுப்பலாம். வருடக்கணக்கில் அதே கரைசல் சுற்றிச் சுற்றி வரும். ஆலையில் போகும் கரைசலை லீன் என்பார்கள், வாயுவைச் சுமந்து வருவதை ரிச். பாட்டம்ஸ் கொடுத்தது வாயுவைப் பிடிக்கும் வழி மட்டுமன்று, பிடித்ததைத் தூய்மையாகக் கையில் தரும் வழியும்கூட. விலை, ஆவிக்கான வெப்பம். மோனோ எத்தனாலமைனில் ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 ஜிகாஜூல் வரை செலவாகும். கடந்த அறுபது ஆண்டு ஆராய்ச்சி முழுக்க இந்த எண்ணைக் குறைக்கும் போராட்டம் என்றே சொல்லலாம்.

இது அறக்கட்டளைச் சொற்பொழிவு. அதனால் பிரெடரிக் கார்ட்னர் காட்ரெல் பற்றிச் சொல்லாமல் போவது நன்றி மறந்த செயலாகும். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியர். கந்தக அமில ஆலையிலிருந்து மூடுபனிபோல் தப்பிப்போகும் அமிலத் துளிகளை உயர் மின்னழுத்தத்தால் பிடிக்க முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தார். கூர்முனைகளிலிருந்து மின்சாரத்தைப் புகைக்குள் கசியவிட வேண்டும், ஆனால் கம்பி முனைகள் போதுமான அளவு கசியவிடவில்லை. ஒருநாள் மாலை மங்கலான வெளிச்சத்தில் பார்க்கிறார்: மின்முனைக்குப் போகும் கம்பியின்மேல் காப்பாகச் சுற்றியிருந்த பருத்தி நூல், தன் பிசிறு ஒவ்வொன்றின் நுனியிலும் ஊதா நிறத்தில் மினுங்குகிறது. ஈரம் கலந்த பஞ்சுப் பிசிறு ஆயிரம் கூர்முனையாக வேலை செய்கிறது! உலோக முனை செய்யாததை நூல் பிசிறு செய்தது. அங்கிருந்து பிறந்ததுதான் எலெக்ட்ரோஸ்டாடிக் பிரசிபிடேட்டர். 1908-இல் காப்புரிமை. சான்பிரான்சிஸ்கோ விரிகுடா அருகே ஈய உருக்காலையில் ஓடியது, பிறகு ரிவர்சைடு சிமெண்ட் ஆலையில். அங்கே சிமெண்ட் தூசி ஆரஞ்சுத் தோப்புகளில் படிந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிடித்த தூசியை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு முதல் உலகப் போர் பதில் சொன்னது. ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் உரம் வருவது நின்றது. அந்தத் தூசியில் பொட்டாஷ் இருந்தது.

காட்ரெல் அந்தக் காப்புரிமையால் பெரும் செல்வந்தராகியிருக்கலாம். 1912-இல் அதையெல்லாம் வைத்து ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். வரும் பணம் மற்றவர்களின் ஆராய்ச்சிக்கு. ராபர்ட் கோடார்டின் ராக்கெட்டுக்கும் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானுக்கும் அந்தப் பணம் போயிற்று. புகையிலிருந்து பிடித்த தூசியின் காசு அணுவுக்குள்ளும் ஆகாயத்துக்கும் போயிருக்கிறது. இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களுக்கு என் நன்றியை இந்தச் செய்தியாகவே சொல்கிறேன்.

இன்று நம் நிலக்கரி அனல்மின் நிலையங்களில் பெரும்பாலும் காட்ரெலின் கருவி நிற்கிறது. நிலக்கரியில் சாம்பல் மிகுந்த நாடு நம்முடையது. பிடித்த சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. போகாதது சாம்பல் குளத்துக்கு. எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிக்கிறவர்களைக் கேளுங்கள், பிடித்ததை வைக்கும் இடம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று. புகைபோக்கியில் தெரியாத சாம்பல் அவர்கள் வலையில் வந்து ஒட்டுகிறது.

பிடித்ததற்கு விலையே கிடைக்காத இடம் ஒன்று உண்டு. அங்கே என்ன செய்வது? போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. அந்த ஆலையில் காஸ்டிக் சோடாக் கரைசலால் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் இருந்தது. அன்று அது ஓட்டத்தில் இல்லை. எரித்து அழிக்கும் பிளேர் கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. சேமிப்புத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்க்ரப்பர் ஓடியிருந்தாலும் அத்தனை வாயுவையும் தாங்கும் அளவு அதற்கு இல்லை என்பதும் உண்மை. ஆனால் மூன்றும் ஒன்றாக நின்றிருந்தன என்பதை நான் மறக்கவே மாட்டேன். மூன்றும் ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துக் கொடுக்காத கருவிகள். சிக்கனம் என்று வரும்போது கை முதலில் அந்தச் சுவிட்சுக்குத்தான் போகும். சந்தை சில நச்சைத்தான் வாங்கிக்கொள்ளும். மீதிக்கு ஆங்கஸ் ஸ்மித்தைப் போன்ற ஆய்வாளர் வேண்டும், அவர் வராத நாளிலும் ஓடும் கருவி வேண்டும்.

கந்தக டை ஆக்சைடு விஷயத்தில் நம் நாடு நடந்துகொண்ட விதமும் எனக்கு வருத்தமே. அனல்மின் நிலையப் புகையைச் சுண்ணாம்புக்கல் குழம்பால் கழுவினால் ஜிப்சம் கிடைக்கும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்த ஜிப்சத்தில் சுவர்ப்பலகை செய்கிறார்கள். 2015 டிசம்பரில் மத்திய அரசு அளவு நிர்ணயித்தது, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குப் புகையைக் கழுவும் அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு வந்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் எரிக்கும் நிலக்கரியின் அளவைப் பார்த்தால் குறைவு என்ற சொல்லை நான் அத்தனை எளிதாகச் சொல்ல மாட்டேன். 1874-இல் பிரிட்டிஷ்காரர் கண்ட கணக்கு இதுதானே!

இனித் தூத்துக்குடிக்கு வருகிறேன். தூத்துக்குடி, கந்தக டை ஆக்சைடு என்று ஒன்றாகச் சொன்னதும் உங்கள் மனத்தில் எது எழும் என்று எனக்குத் தெரியும். செப்பு உருக்காலையில் கந்தக டை ஆக்சைடை அமிலமாக்கும் முறை உலகெங்கும் நன்கு அறியப்பட்டது. அந்த ஊரில் மக்கள் அதை நம்பவில்லை. 2018 மே மாதம் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். நுட்பம் இருப்பது வேறு, அது நாள்தோறும் ஒழுங்காக ஓடுகிறது என்று அருகில் வசிப்பவர் நம்பும்படி நடப்பது வேறு. இரண்டாவதை எந்தக் காப்புரிமையும் தராது.

அதே தூத்துக்குடியில் சோடா ஆஷ் செய்யும் ஆலை ஒன்று உண்டு, தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ். லெப்லான் முறை அங்கே இல்லை. உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் ஏற்றி சோடா எடுப்பார்கள். கூடவே அம்மோனியம் குளோரைடு உரமும் கிடைக்கும். 2016 முதல் அந்தக் கரியமில வாயுவை அவர்கள் தம் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே எடுத்தார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைசலைக் கொண்டு எடுத்தார்கள். அந்தக் கரைசல் பாட்டம்ஸின் அமீனுக்குப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெப்பம் குறைவாகக் கேட்பது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும்படி அமைத்தார்கள். பிடித்ததை எங்கே வைப்பது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பக்கத்துக் கோபுரம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவுக்கு முன்னால் 60,000 டன் ஒரு துளி. சோடாவில் ஏறியது கண்ணாடி உலையிலோ சாயத்தொட்டியிலோ ஒருநாள் மறுபடி வாயுவாக வெளியே வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரு ஆலை, வெளியில் வாங்க வேண்டிய சரக்கைத் தன் புகையிலிருந்தே எடுத்தது என்ற ஒன்றுக்காக நான் அதைப் போற்றுகிறேன்.

சாயத்தொட்டி என்றேன். சோடா ஆஷ் திருப்பூருக்குப் போகிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஒட்ட அது வேண்டும். கூடவே சாயத்தை நூலை நோக்கித் தள்ள மூட்டைமூட்டையாக உப்பு வேண்டும், பெரும்பாலும் கிளாபர் சால்ட். அது வேறொன்றுமில்லை, சோடியம் சல்பேட். லெப்லான் உப்பிலும் அமிலத்திலும் முதலில் எடுத்தாரே, அதே பொருள். அந்த உப்பெல்லாம் நொய்யல் ஆற்றில் போய், 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டையாக்கியதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு மறுபடி திறந்தன.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் போய்ப் பாருங்கள். சாயத்தண்ணீர் உயிரியல் தொட்டிக்குப் போய், ஆர்.ஓ. சவ்வுக்குப் போய், பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புநீரில் ஒரு பகுதியும் சாயம் போடத் திரும்புகிறது. எஞ்சியதை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். சோடியம் சல்பேட்டுக்கு ஒரு குணம் உண்டு. 32 டிகிரிச் சூட்டில் நன்றாகக் கரையும், குளிர்ந்தால் கரைதிறன் சட்டென்று விழுந்து பளிங்காகப் பிரியும். சாப்பாட்டு உப்புக்கு அந்தக் குணம் கிடையாது, சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கரையும். ஆகவே குளிரூட்டினால் கிளாபர் சால்ட் தனியே வரும், மறுபடி விற்கலாம். அதற்கும் பிறகு அடியில் ஒன்று மிஞ்சுகிறது. இரண்டு உப்பும், கொஞ்சம் சுண்ணாம்பும், சிலிக்காவும், சிதையாத சாயமும் கலந்தது. மிக்ஸ்டு சால்ட் என்கிறார்கள். கையில் எடுத்தால் ஈரமாக, அழுக்கு மஞ்சளாக, நாட்டுச் சர்க்கரைபோல் இருக்கும். வாங்க ஆளில்லை. மழை படாமல் கொட்டகையில் மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள், அடுத்த கொட்டகை கட்டுகிறார்கள்.

மாணவர்களே, அங்கே போய் ஒரு கைப்பிடி கேளுங்கள். கொடுப்பார்கள். அதில் எத்தனை பங்கு குளோரைடு, எத்தனை பங்கு சல்பேட், எந்தச் சூட்டில் அந்தப் பழுப்பு நிறம் எரிந்து போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். அளந்ததை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.